எட்டு டம்ளர் வரக்காப்பியும் எழுபது வழிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) நாக்கைச் சோதித்ததில் வந்த விடை 0.243. கருதுகோள் சோதனை படிக்கிறவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் முகம் வாடிவிடும். எனக்கும் வாடியது. ஆனால் ஒன்றரை மாதமாக மண்டையில் ஏறாமல் இருந்த பி-மதிப்பு (ஒரு விடை வெறும் தற்செயலா என்று பார்க்க உதவும் எண்) அன்று ராத்திரிதான் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. உளவியல் முதலாண்டை அஞ்சல் வழியில் படிக்கிறேன். ஆய்வு முறைகள் தாளில் புள்ளியியல் அறிஞர் ஃபிஷரின் தேநீர்ச் சோதனை வந்ததும், இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. எங்கள் அம்மாயி ரொம்ப வருசமாக ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நம்ம கவுந்தப்பாடிச் சக்கரையா, வேற சக்கரையான்னு நாக்குல வெச்சாச் சொல்லிருவேன் கண்ணு." பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற நாட்டுச்சர்க்கரை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஃபிஷர் 1935-ல் தன் நூலில் எழுதியதும் இதே மாதிரி ஒரு பேச்சிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி. எங்கள் வீட்டில் எட்டு டம்ளர் வரக்காப்பி, நான்கில் கவுந்தப்பாடிச் சர்க்கரை, நான்கில் வேறு சர்க்கரை. பால் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். கொதிக்கிற பாலில் நாட்டுச்சர்க்கரை போட்டால் சில நேரம் திரிந்துபோகும். காப்பியின் கறுப்பில் சர்க்கரையின் நிறமும் மறைந்துவிடும்.

முதல் தடவை எட்டுக்கு எட்டு! கை தட்டிக் குதித்தேன். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அத்தனையும் சரியாக அமைவது அதில் ஒன்றுதான். 1/70, அதாவது 0.014. 0.05-க்குக் கீழே வந்தால் வெறும் தற்செயல் என்று விட்டுவிட மாட்டார்கள், எங்கள் அம்மாயி அந்த எல்லைக்குள் வந்துவிட்டார் என்று தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம் டம்ளர்களைக் கழுவும்போது அம்மாயியே சாதாரணமாகச் சொன்னார்: "நாலு டம்ளர் ஆறிப்போச்சு, நாலு சுட்டுது. நம்ம சக்கரையத்தானே நீ முதல்ல கலக்குவே."

எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்ததுமே சூடு தெரிந்துவிடும். வீட்டுச் சர்க்கரை நான்கையும் வரிசையாக முதலில் கலக்கி வைத்தது நான். அவர் ஒளிக்கவே இல்லை, நான்தான் கேட்கவில்லை. நாக்கைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு விரலைச் சோதித்திருக்கிறேன். பாடத்தில் குழப்பு மாறி (சோதிக்க நினைத்ததோடு கூடவே மாறி, விடையைக் குழப்பிவிடும் இன்னொன்று) என்று வருவதை ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் தடவைக்கு இரண்டு வாரம் தயார் செய்தேன். முதலில் காகிதக் கப். சூடான காப்பி விழுந்ததும் அதிலிருந்து ஒரு மெழுகு வாசம் வருகிறது, மூக்குக்கு அது போதும். ஐம்பது கப் வீண். கடைசியில் ஒரே அளவுக் கண்ணாடி டம்ளர் எட்டு, அடியில் எண் ஒட்டி. காப்பி ஒரே பிளாஸ்க்கிலிருந்து. கரண்டி அளவை நம்பவில்லை. ஒரு சர்க்கரை நைசாக இருக்கிறது, இன்னொன்று கட்டி கட்டியாக. ஒரே கரண்டியில் எடை மாறும், எடை மாறினால் இனிப்பு மாறும். வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஈரோட்டில் தேடி, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற குட்டித் தராசு ஒன்று வாங்கினேன். 0.01 கிராம் வரை காட்டுகிறது. இதே மாதிரி சோதனை செய்ய நினைப்பவர்கள் முதல் செலவாக இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் 8 கிராம். அடியில் தங்கும் மண்டி காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் துணியில் வடிகட்டினோம்.

அடுத்தது என் முகம். பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையின் கதை உங்களுக்கும் பாடத்தில் வந்திருக்கும். கேள்வி கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் அது காலைத் தட்டுகிறது என்று 1907-ல் ப்ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் கண்டுபிடித்தார். அம்மாயி என்னை எடுத்து வளர்த்தவர், குதிரையைவிட நன்றாக என் முகத்தைப் படிப்பார். அதனால் தங்கச்சி உள்ளே கலக்கினாள். எது எந்த எண் என்று எனக்குத் தெரியாது. நான் நீட்டினேன், அம்மாயி சொன்னார், நான் எழுதினேன்.

எந்த எண் டம்ளரில் எந்தச் சர்க்கரை என்ற வரிசையை முடிவு செய்தது புளியங்கொட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எட்டுக் கொட்டை, நான்கைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிச் சொம்பில் போட்டேன். கையை விட்டு எடுத்தால் தேய்த்த கொட்டை விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது. இங்கேயும் விரல்! எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே பருமனில் எட்டு எடுத்து, நான்கில் மட்டும் மார்க்கரால் வெள்ளைப் புள்ளி வைத்துக் காயவிட்டேன். அப்புறம்தான் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முடிவு: எட்டில் ஆறு சரி. கவுந்தப்பாடிச் சர்க்கரை நான்கில் மூன்றைப் பிடித்தார். ஏழு ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வரவே வராது. நான்கு நான்கு என்று அவருக்குத் தெரியும். ஒன்றை இந்தப் பக்கம் தவறாக வைத்தால், அந்தப் பக்கமும் ஒன்று தவறாகத்தான் போகும்.

மூன்றைச் சரியாகப் பிடிக்க 4 × 4 = 16 வழிகள். நான்கையும் பிடிக்க 1. மொத்தம் 17/70, அதுதான் 0.243. எண்ணைப் போட்டுவிட்டேன், ஆனால் அது எதைச் சொல்கிறது? 'அம்மாயி குருட்டாம்போக்கில் சொல்லியிருக்க 24 சதவீத வாய்ப்பு' என்றுதான் நோட்டில் எழுதினேன். அது தப்பு என்று புத்தகம் சொல்கிறது. ஏன் தப்பு என்பதுதான் பிடிபடவில்லை.

ராத்திரி சொம்பையும் கொட்டைகளையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். புள்ளி வைத்த நான்கும் கவுந்தப்பாடி டம்ளர் என்று வைத்துக்கொண்டேன். குலுக்கி நான்கு எடுப்பது, எத்தனை புள்ளி என்று கோடு போடுவது, திரும்பப் போடுவது. 140 தடவை. நான்கு புள்ளி 3 தடவை, மூன்று புள்ளி 29, இரண்டு 74, ஒன்று 33, ஒன்றுமே இல்லாதது 1. மூன்றோ அதற்கு மேலோ வந்தது 32 தடவை. 140-ல் 32 என்றால் 0.229. கணக்கில் வந்த 0.243-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அப்போதுதான் உறைத்தது. இந்தச் சொம்புக்குள் அம்மாயியே இல்லை. கொட்டைக்கு நாக்கு கிடையாது. இன்மைக் கருதுகோள் என்பது இந்தச் சொம்புதான்: சர்க்கரை தெரியாத, காப்பி தெரியாத ஓர் உலகம். அந்த உலகத்திலேயே நான்கு தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை இந்த அளவு நல்ல விடை வருகிறது, 0.243 சொல்வது அவ்வளவுதான். அம்மாயியின் நாக்கைப் பற்றி அது நேராக எதையும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிய வாக்கியத்துக்கும் இதற்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் ஒன்றரை மாதம் விழுந்து கிடந்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் அம்மாயிக்குத் தெரியாது என்று ஆகிவிட்டதா? இதற்கு என் வேலையே பதில் வைத்திருந்தது. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5, சோதனை அளவு பொதுநிலை இரண்டு என்றால், 3,201 முதல் 10,000 பீஸ் வரை உள்ள லாட்டில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்போம். குறை 10 வரை பாஸ், 11 வந்தால் ரிஜெக்ட். பாஸ் ஆன லாட்டில் குறையே இல்லை என்று எந்த செக்கரும் சொல்ல மாட்டார். ரிஜெக்ட் செய்ய இந்த 200-ல் போதுமானது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். இன்மைக் கருதுகோளைத் தள்ள முடியவில்லை என்பதும் அதே பேச்சு. ஃபிஷரும் அந்த நூலில், இன்மைக் கருதுகோளைப் பொய்யாக்கலாமே தவிர ஒருநாளும் நிரூபிக்க முடியாது என்றுதான் சொல்கிறார்.

இன்னொன்று, எட்டு டம்ளர் என்பதே அம்மாயிக்கு அநியாயம். ஒரு சறுக்கல் வந்தாலே 0.243, உண்மையிலேயே தெரிந்தவருக்கும் தப்பிக்க வழியில்லை. பத்து டம்ளர் வைத்துப் பார்த்தேன்: 252 வழிகள், ஒரு ஜோடித் தவறையும் சேர்த்தால் 26/252, அதாவது 0.103. போதாது. பன்னிரண்டு: 924 வழிகள், 36 + 1 = 37, அதாவது 0.040. ஒரு ஜோடி தவறினாலும் 0.05-க்குள் வந்துவிடுகிறது. அதனால் அடுத்தது பன்னிரண்டு டம்ளர். பழைய எட்டை இதோடு கூட்டப் போவதில்லை. விடை பிடிக்கும்வரை டம்ளர் சேர்த்துக்கொண்டே போனால் 0.05 என்று சொல்வதற்கே அர்த்தமில்லை.

இது முடிவதற்குள் ஸ்ட்ரூப் சோதனைக்கு (எழுதிய சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்வது) அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன், பொறுமை இல்லை. அதுவும் 1935-தான். நூறு நிறங்களை வெறும் வண்ணச் சதுரங்களாகக் காட்டினால் சொல்ல சராசரி 63.3 நொடி, வேறு நிறத்தின் பெயராக எழுதிக் காட்டினால் 110.3 நொடி. பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதி நானே சொல்லிப் பார்த்தேன், நாக்கு உண்மையிலேயே இடறுகிறது. தெருப் பிள்ளைகள் 16 பேரை வைத்து ஜோடி டி-சோதனை (ஒரே ஆளின் இரண்டு நேரங்களை ஒப்பிடுவது) போடலாம் என்று எண்ணம். எட்டுப் பேர் சதுரத்தை முதலில் சொல்ல வேண்டும், எட்டுப் பேர் சொற்களை முதலில். மஞ்சள் மை வெள்ளை அட்டையில் எடுபடவில்லை, சாம்பல் அட்டை தேட வேண்டும்.

அம்மாயி இப்போது கோபியில் சித்தி வீட்டில் இருக்கிறார். தோற்றுப்போனேனா என்று போனில் கேட்டார். "இல்லைங்க அம்மாயி, டம்ளர்தான் பத்தல" என்றேன். "அப்பச் சரி, வந்ததும் வை" என்றார். நாட்காட்டியின் பின்பக்கத்தில் 'பன்னிரண்டு டம்ளர், பத்து சரியாக வந்தால் போதும், அதற்குக் கீழே என்றால் இல்லை' என்று தேதி போட்டு எழுதி, தங்கச்சியிடம் கையெழுத்தும் வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி டம்ளர் இன்னும் நான்கு வாங்க வேண்டும், அதே அளவில்.