மணிக்கு ஒரு விமானம்

நேற்று இரவு மகளின் வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில், வில்லோ ரன் என்ற இடத்தில் போர்ட் கம்பனியின் தொழிற்சாலை. கார் பூட்டுகிற மாதிரியே பி-24 குண்டுவீச்சு விமானத்தையும் வரிசையில் நகர்த்தி நகர்த்திப் பூட்டினார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம்தான். 1944இல் மணிக்கு ஒன்று வெளியே வந்தது. மொத்தம் 8,685. ஒவ்வொன்றிலும் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகள் 3 இலட்சத்துக்கு மேல். அவற்றை அடித்தவர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள்.

"மணிக்கு ஒன்றா அப்பா?" என்று மகள் கண்ணை விரித்தாள்.

எனக்குக் கிளிநொச்சி ஞாபகம் வந்துவிட்டது. போர்க்காலத்தில் முதலில் வண்டு என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானம் சுற்றும், அப்புறம் இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானம் குண்டு போட வரும். சத்தம் கேட்டதும் அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பங்கருக்குள் இழுப்பா. இஸ்ரேல் கட்டிய கிபிர் எல்லாம் சேர்த்தே 220 சொச்சம்தான். எங்கள் தலைக்கு மேல் வந்தவை அதில் ஒருசில. அந்த ஒருசிலவற்றுக்கே வளவுக்கு வளவு பங்கர் வெட்டினோம். மணிக்கு ஒன்று என்றால், கீழே இருந்த சனம் என்ன பாடு பட்டிருக்கும்? ஜெர்மனியிலும் ருமேனியாவிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய தாய்மாரை நினைத்தபடி கிடந்தேன். விடியும்வரை நித்திரை வரவில்லை.