ஆறு கால் சுவிட்ச்

மிதித்ததும் நீல விளக்கு மங்கலாகக் கண்சிமிட்டியது. கிட்டார் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சேனல், அதாவது ஒலி வகை, மட்டும் மாறவே இல்லை.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மலிவாகக் கிடைத்த பொதுவகைக் கால் சுவிட்ச் அது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, மிதிக்காதபோது 5 வோல்ட் காட்டிய ஆம்பின் கம்பி, மிதித்த பிறகும் 2.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. ஆம்ப் எதிர்பார்ப்பதோ அந்தக் கம்பி தரைக்கம்பியைத் தொட்டுச் சுழியத்துக்கு இறங்குவதை. நடுவே தொடராக நின்ற நீல எல்.இ.டி. தன் பங்கை எடுத்துக்கொண்டு வழிமறித்திருக்கிறது.

விளக்கைக் கழற்றி எறிந்திருக்கலாம்தான். ஆனால் சனிக்கிழமை செந்தூல் கல்யாண மண்டபத்தின் இருட்டு மேடையில் எந்தச் சேனலில் நிற்கிறேன் என்று யாரைக் கேட்பது?

மறுபடியும் கடைக்குப் போனேன். தவுக்கே (கடை முதலாளி) பேசாமல், அடியில் கம்பி இணைக்க ஆறு கால்கள் கொண்ட சுவிட்ச் ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்று கால்கள் ஆம்பின் கம்பிக்கு, மூன்று கால்கள் விளக்குக்கு. இரண்டும் ஒரே மிதியில் மாறும், ஒன்றையொன்று தொடாது. விளக்குக்குத் தனியாக 9 வோல்ட் பேட்டரி, ஒரு கிலோ ஓம் மின்தடை, நீலத்துக்குப் பதில் சிவப்பு.

ஈயம் வைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை.

இப்போது மிதித்தால் சேனலும் மாறுகிறது, விளக்கும் எரிகிறது. பெட்டிக்குள் பேட்டரிக்குத்தான் இடமில்லை. வெளியே கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருக்கிறேன்.