46 வருடக் கடன்

நான் பிறப்பதற்கு முன்பே பட்ட கடன் இது. கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை என்று அம்மா சீர்காழி பக்கத்துத் திருவெண்காட்டுக் கோயிலின் முக்குளத்தில் மூழ்கி எழுந்து, பிரகாரத்தில் இருக்கும் பிள்ளை இடுக்கி அம்மனிடம், "ஒண்ணு குடு தாயே, உன்னை மாதிரியே இடுப்பில தூக்கிட்டு வந்து காட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டாராம். அடுத்த வருடமே சிங்கப்பூரில் நான் பிறந்துவிட்டேன். கடன் மட்டும் அப்படியே நின்றது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை, விமான டிக்கெட்டுக்கு வழியில்லை. பிற்பாடு ஊருக்குப் போனபோதெல்லாம் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கருமாதி. மன்னார்குடியைத் தாண்ட நேரம் இருந்ததில்லை. எனக்கு 46 வயதாகிவிட்டது.

இந்தத் தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயிலில் பால்குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எல்லாரும் கடனை அடைக்கிறாங்க, நான்தான் ஏமாத்திட்டுத் திரியறேன்" என்றார். அன்று இரவே டிக்கெட் போட்டேன்.

திருச்சியில் இறங்கினால், அம்மாவின் சக்கர நாற்காலியில் ஒரு சக்கரம் வளைந்து கிடக்கிறது. விமான நிறுவனத்துக்காரர் படிவத்தை நீட்டினார். பூம்புகாரும் பார்க்க வந்தவனுக்கு முதல் வேலையே புகார் எழுதுவதுதான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

திருவெண்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. மலிவான டிக்கெட்டைப் பார்த்து நாள் குறித்தவனுக்கு, நவக்கிரகத்தில் புதனுக்கு உரிய ஸ்தலத்தில் புதன்கிழமை எப்படி இருக்கும் என்று தோன்றவே இல்லை. தெரு முனையிலிருந்தே பஸ்ஸும் வேனும். கார் கதவைத் திறப்பதற்குள் ஒருவர் தட்டை மடியில் வைத்துவிட்டார். "சிங்கப்பூரா சார்? பச்சைத் துணி, பாசிப்பயறு, 17 விளக்கு, செட்டு 500 ரூபா. பரிகாரத்துக்கு நம்ம சாமியே இருக்காரு, க்யூ இல்லாம கூட்டிட்டுப் போவாரு." சிங்கப்பூர் என்று எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், நாற்காலியில் ஏர்போர்ட் அட்டை தொங்குகிறது. வேண்டாம் என்றதும், "பிள்ளைங்க படிப்புக்கு யோசிச்சுக்குங்க சார்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். சாபம் மாதிரி இருந்தது. உள்ளே அதே விளக்கு பாதி விலைகூட இல்லை.

மூன்று குளத்திலும் அம்மாவுக்குத் தலையில் நீர் தெளித்தேன். அக்னி, சூரிய, சந்திர தீர்த்தங்கள். சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் தகப்பனார் பிள்ளை வரம் கேட்டு மூழ்கியதும் இங்கேதான். சம்பந்தரின் 'பேயடையா' பாட்டை அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிள்ளையில்லாத ஆறு வருடமும் விடாமல் ஓதிய பாட்டு அது, ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

வளைந்த சக்கரம் கல்தளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. சுவேதாரண்யேசுவரர் தரிசனம் ஆயிற்று. மருத்துவாசுரன் குத்திய ஒன்பது காயத்தோடு இருக்கும் நந்தியை அம்மா கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்து, "பாவம்" என்றார். அகோர மூர்த்தி முன்னால் நிற்க விடவில்லை, முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். புதன் சந்நிதி வரிசை வளைந்து வளைந்து போனது. "அவரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அவகிட்டப் போ" என்றார் அம்மா.

வழியில் உயரமான ஒரு கல்படி. நாற்காலி ஏறவில்லை. அம்மாவின் முட்டி மடங்காது. பின்னால் வருபவர்கள் "நகருங்க, நகருங்க" என்கிறார்கள். வேறு வழி தெரியாமல் அம்மாவை அப்படியே தூக்கிவிட்டேன். 41 கிலோ. ஒரு கை என் கழுத்தில், இன்னொரு கையில் பூப்பை. கூட்டத்துக்குள் இறக்கிவிட இடமில்லை. தூக்கியபடியே அம்மன் முன்னால் போய் நின்றேன்.

எண்ணெய்க் கறுப்பில் சின்ன உருவம். இடுப்பில் குழந்தை. இந்தத் தலத்து மண்ணெல்லாம் சிவலிங்கமாகத் தெரிய, காலை வைக்க முடியாமல் "அம்மா" என்று கூப்பிட்ட சம்பந்தரை அவள் இடுக்கிக்கொண்ட கோலம். அம்மா கும்பிடவில்லை, கண்ணை மூடவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினார்.

"நேரமாயிடுச்சு தாயே, கோச்சுக்காதே. இவன்தான். நான் தூக்கிட்டு வர்றேன்னு சொன்னேன், இவன் என்னைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

அப்புறம் என்ன நடந்தது என்று சரியாக ஞாபகமில்லை. குருக்கள் விபூதி கொடுத்தார், யாரோ ஒரு அக்கா அம்மாவின் காலைத் தாங்கிப் பிடித்தார். நான் அழுததை அம்மாதான் பிறகு சொன்னார். ஈசுவரா, நான் கேட்காமலே வந்த உயிர் இது. என்ன கைம்மாறு செய்வேன்? வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இதற்கு மேல் வரிசை வரவில்லை.

மத்தியானம் பூம்புகார். பல்லவனீச்சரத்தில் நடை சாத்திவிட்டார்கள். பட்டினத்தார் பிறந்த ஊர் என்று கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்தே கும்பிட்டோம். 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காரிலிருந்தே பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். சோழர் தலைநகரைத் தேடினால் கண்ணில் படுவது கருங்கல் கரையும் வலை உலர்த்துகிறவர்களும்தான். காவிரி கடலைச் சேரும் இடத்தில் மணல்தான் அதிகம். பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல் படகுத்துறையும் படகைக் கட்டும் மரத்தூண்களும் கிடைத்தன. இந்தத் துறையில் வந்திறங்கிய சரக்கில் காழகத்துப் பண்டங்களும் உண்டு என்கிறது சங்கப் பாட்டான பட்டினப்பாலை. காழகம் என்றால் கடாரம் என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடாரம் நம் பக்கத்து மலேசியாவில் இருக்கும் கெடா. மூட்டைகளை எண்ணிப் புலி முத்திரை குத்தித்தான் வெளியே விடுவார்களாம். அதைச் சொன்னதும் அம்மா, "உங்கப்பா தூக்காத மூட்டையா" என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை நனைக்க வேண்டும் என்றார். மறுபடியும் தூக்கினேன். இந்தத் தடவை கூச்சப்படவில்லை.

திரும்பும்போது, பூ கட்டிக் கொடுத்த கிழவிக்கு அம்மா கைப்பையிலிருந்த கோடாலித் தைலத்தைக் கொடுத்துவிட்டார். முக்குளத்து நீர் ஒரு பாட்டிலில் சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாமி மாடத்துக்கு வந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து வரும் வழியில் அம்மா மெதுவாகச் சொன்னார், அன்று இன்னொன்றும் வேண்டிக்கொண்டாராம். என்ன என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. "புதன்கிழமை மட்டும் வேணாம். வேற நாள் பார்த்து டிக்கெட் போடு" என்றார்.