சேர் பழக்கிய ‘ஃபொண்ட் ஒவ்’

எங்கள் ஆங்கில சேர் காலமானதிலிருந்து சங்கத்துக்கு வரும் இரங்கல் குறிப்புகள் பலவற்றில் ‘ஃபொண்ட்’ (fond) என்ற சொல் வருகிறது. வரத்தான் வேண்டும். நெடுநாள் பழக்கத்தில் ஊறிய பிரியத்துக்கு அவ்வளவு பொருந்தும் ஆங்கிலச் சொல் வேறு இல்லை. அதை அவர் எங்களுக்குப் பழக்கிய விதத்தை, அந்த வகுப்பில் இருக்கக் கிடைக்காத எங்கள் பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன்.

பிழையைத் திருத்துமுன் அது எங்கிருந்து வருகிறது என்று காட்டுவார். ‘எனக்கு வாசிக்கப் பிடிக்கும்’ என்று மனம் சொல்லும். கை ‘ஐ ஃபொண்ட் டு ரீட்’ என்று எழுதும். தமிழ் வசனத்தில் இல்லாத ‘ஆம்’ (am) விழுந்துவிடும், ‘வாசிக்க’ என்பது ‘டு ரீட்’ ஆகிவிடும். ‘கிரிக்கெட்டில் விருப்பம்’ என்று நினைத்தவன் ‘ஃபொண்ட் இன்’ என்பான். ‘தங்கச்சி மேல் பிரியம்’ என்று நினைத்தவன் ‘ஃபொண்ட் ஒன்’ என்பான். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே. முன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ போன்ற ஒன்று, பின்னால் ‘ஒவ்’ (of), அதன்பின் பெயர்ச்சொல் அல்லது ‘இங்’ சேர்ந்த வினை: ‘ஐ ஆம் ஃபொண்ட் ஒவ் ரீடிங்.’ கேள்வியிலும் ‘ஒவ்’ தொலையாது, கடைசிக்குப் போகும்: ‘வொட் ஆர் யூ ஃபொண்ட் ஒவ்?’ பழகப் பழக வந்த பிரியமென்றால் ‘குரோ ஃபொண்ட் ஒவ்.’ இப்போதே ஒரு தேத்தண்ணி வேண்டுமென்றால் இந்தச் சொல் உதவாது. அதற்கு ‘வுட் லைக்.’

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும்: ‘ஃபொண்ட் மெமரீஸ்’, ‘ஃபொண்ட் ஃபெயார்வெல்.’ ‘ஃபொண்ட் ஹோப்’ மட்டும் வேறு. முன்னொரு காலத்தில் இச்சொல்லுக்கு ‘பேதைத்தனமான’ என்ற பொருள் இருந்தது. அது இதில் மிஞ்சி நிற்கிறது. கைகூடாததை ஆசையோடு நம்பியிருப்பது. இரண்டொரு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் புறப்பட்ட எங்களில் பலருடைய நம்பிக்கைக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இரங்கல் எழுதுவோர் காலத்தைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றியென்றால் ‘ஐ ஆம் ஃபொண்ட் ஒவ்’. சேரைப் பற்றி இனி ‘வொஸ்.’ கூட்டாக எழுதுவதென்றால் ‘வி வெர் ஆல் வெரி ஃபொண்ட் ஒவ் ஹிம்.’ அந்த ‘வெரி’யை விட்டுவிடாதீர்கள், ‘ஃபொண்ட்’ தனியே நின்றால் பிரியம் சற்று மட்டாகத் தெரியும்.