மரப்பலகைத் தரைக்கு அடியில் என்ன விரிப்பது?

தக்கலைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டின் கீழ் அறையில் லேமினேட் பலகை போடும் வேலை இப்போது அண்டர்லே, அதாவது பலகைக்கு அடியில் போடும் விரிப்பு, வரைக்கும் வந்திருக்கிறது. ஏற்கெனவே இருப்பது பழைய ரெட் ஆக்சைடு தரை. பலகை 8 மி.மீ., ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் லாக் வகை. பலகை சட்டென்று முடிவாகிவிட்டது. அதற்கு அடியில் போடுவதற்குத்தான் இத்தனை யோசனை.

கடையில் எடுத்ததும் ஃபோம் விரிப்பின் தடிமனைக் காட்டுகிறார்கள். "அஞ்சு எம்.எம். போடுங்கண்ணே, மெத்துன்னு இருக்கும்." அந்த மெத்துதான் வம்பு. மிதிக்கும்போதெல்லாம் ஃபோம் அமுங்கினால் பலகைகளின் பூட்டு ஆடி ஆடி உடையும். இந்த வகைக்கு 2 அல்லது 3 மி.மீ. போதும். சில பலகைகளில் அடியிலேயே ஃபோம் ஒட்டி வரும். அதற்குத் தனியாக ஃபோமே வேண்டாம்.

நம்ம குமரி மாவட்டத்தில் மென்மையைவிட ஈரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மண்மேல் உட்கார்ந்திருக்கும் தரையில் ஈரம் கீழிருந்தே ஏறும். லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார்தான். தண்ணீர் குடித்து ஓரம் உப்பினால், காய்ந்த பிறகும் பழையபடி படியாது.

அதனால் முதலில் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நடு அறையில் வைத்த துண்டு அப்படியே இருந்தது. கிணற்றுப் பக்கச் சுவரோரம் வைத்ததில் உள்பக்கம் முத்து முத்தாக நீர், தரையும் கறுத்திருந்தது. ஒரு மூலை இப்படி என்றாலும் ஈரத் தடுப்பை அறை முழுக்கப் போட வேண்டியதுதான்.

"குலசேகரத்துல ரப்பர் கிடக்கும்போ ஃபோம் எதுக்கு மக்கா?" என்றார் சித்தப்பா. ரப்பர் அண்டர்லே சத்தத்தை நன்றாக அடக்கும், மாடி அறைக்கு யோசிக்கலாம். ஆனால் தோட்டத்து ஷீட்டும் அதுவும் ஒன்றல்ல. தேங்காய் நார் பாய் என்று இன்னொரு யோசனையும் வந்தது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்க் எனக்குப் பிடித்திருந்தது, காலுக்கு அவ்வளவு இதம். ஆனால் அது ஈரத்தைத் தடுக்காது. அடியில் எப்படியும் பாலித்தீன் வேண்டும். விலையும் கூடுதல்.

கடைசியில் எடுத்தது 200 மைக்ரான் பாலித்தீனும், அதன்மேல் படலம் ஒட்டாத 2 மி.மீ. ஃபோமும். வெள்ளிப் படலம் ஒட்டிய ஃபோமை வேண்டுமென்றே விட்டேன்: இரண்டு தடுப்புக்கு நடுவே ஈரம் சிக்கினால் வெளியேற வழியில்லை. பாலித்தீனை ஒன்றன்மேல் ஒன்று 20 செ.மீ. ஏற்றி டேப் ஒட்டி, சுவரோரம் கொஞ்சம் மேலே மடக்கிவிட்டிருக்கிறேன். ஃபோமை அப்படி ஏற்றக்கூடாது, ஓரத்தோடு ஓரம் முட்ட வேண்டும்.

விரிப்பதற்கு முன்பே மட்டப்பலகை வைத்துப் பார்த்தாயிற்று. 2 மீட்டரில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்த இடங்களைப் பூசி, காயவிட்டேன். ஃபோம் பள்ளத்தை நிரப்பும் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

பலகைக் கட்டுகள் அதே அறையில் 48 மணி நேரம் படுத்திருந்து, அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். சுவரோரம் இடைவெளி விட 10 மி.மீ. கட்டைத் துண்டுகள் தயார். ஃபோமும் பலகையும் சேர்ந்து தரை 10 மி.மீ. உயரும், கதவு இடிக்கும். அடியில் அறுக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.