'விடு' என்றால் அதற்குப் புரியவில்லை

குடோன் காவலில் நாலு வருஷம் இருந்த ராட்வைலர். குடோனைக் காலி செய்தபோது, "நல்லா ட்ரெயின் பண்ண நாய் சார், தைரியமா வீட்ல வெச்சுக்கலாம்" என்று கொடுத்தார்கள். அந்த 'நல்லா ட்ரெயின்'தான் என்னைக் கவிழ்த்தது. சொன்ன பேச்சு கேட்கும் என்று நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பழக்கியிருந்ததோ, கை ஓங்கினால் கவ்வு, ஓடினால் துரத்து.

புதுக் காலர், பாய் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. ஒரு மாதம் என் மகள் காலடியிலேயே படுத்துக் கிடந்தது.

பிறகு சிலிண்டர் அண்ணன் வந்தார். பில்லை நீட்டக் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். ஒரு குரைப்புகூட இல்லை, முன்கை வாய்க்குள் இருந்தது. "விடு! விடுடா! நோ!" என்று கத்துகிறேன். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுப் பிடியை இன்னும் இறுக்கியது. சபாஷ் சொல்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ. காலரை முறுக்கித்தான் பிரித்தேன்.

குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினோம் (மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைத்துவிடாதீர்கள்). அரசு ஆஸ்பத்திரியில் 0, 3, 7, 14, 28 என்று நாள் குறித்து ஐந்து ஊசி. காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றியும் தனியாக ஒன்று. நாய்க்கு ஊசி போட்ட புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். எங்கே போவேன்?

நாயைக் கொடுத்தவர்களைத் தேடிப் போனால் முதல் நாள் பூட்டு. மறுமுறை, "நாயோடவே குடுத்தோமே சார்" என்று கையை விரித்தார் மேனேஜர். இரண்டு நாள் லீவு போச்சு. வெளியே வரும்போது பழைய வாட்ச்மேன்தான் கேட்டார்: "அவுஸ்னு சொன்னீங்களா சார்? அப்பத்தான் விடும்."

ஜெர்மன் வார்த்தையாம். பயிற்சியாளர்கள் பலர் இப்படித்தான் பழக்குகிறார்கள். வீட்டுக்கு வந்து பழைய துண்டைக் கவ்வக் கொடுத்து "அவுஸ்" என்றேன். சுட்டதுபோல் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாங்குகிறவர்கள் கட்டளைகளை எல்லாம் எழுதி வாங்குங்கள், ஊசிப் புத்தகத்தைக் கையில் பிடித்த பிறகே நாயைப் பிடியுங்கள். பழக்கியவரோடு ஒரு வாரம் கூடவே இருந்து பாருங்கள். அஜாக்கிரதையாக நாய் வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. அண்ணன் புகார் கொடுக்காதது என் அதிர்ஷ்டம்.

மகளின் தோழிகள் வந்தால் அது இப்போது மாடியில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால். அந்த வயதுப் பிள்ளைகள் ஓடாமல் இருக்குமா? சிலிண்டர் அண்ணன் தெருமுனையிலிருந்தே போன் போடுகிறார்: "கட்டியாச்சா சார்?"