ஜெர்மனியிலிருந்து வந்த டீச்சர், எங்கள் வீட்டில் ஆறு வாரம்

2019 ஜனவரி முதல் சனிக்கிழமை ராத்திரி. பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் தூக்கக் கலக்கத்திலும் கையில் மல்லிகைச் சரத்தோடு நின்றாள். ஜெர்மனியில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் 22 வயதுப் பெண் ஒருத்தி, மகள் படிக்கும் பள்ளியில் ஆறு வாரம் பாடம் எடுக்க வருகிறாள். தங்குவதற்கு எங்கள் வீடு.

அவள் வருவதற்கு முன்பே எங்களுக்குப் பெரிய வேலை வந்துவிட்டது. வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளத்தில் அவர் தங்கும் விவரத்தைத் தெரிவிக்கும் படிவத்தைப் பதிய வேண்டும். அப்போது அதற்குச் சி படிவம் என்று பெயர். ஓட்டல்காரர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தோம். வீட்டுக்காரரும் தனிக் கணக்கு தொடங்கி, வீட்டு வரி ரசீதெல்லாம் கொடுத்து, ஒப்புதல் வாங்க வேண்டும். எங்களுக்கு நாலு நாள் ஆனது. ஆள் வந்த பிறகு தொடங்கியிருந்தால் கெடு தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாஸ்போர்ட், விசா விவரங்களோடு என் கணவர் உட்கார்ந்தார். போட்டோ அளவு பெரிதாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியது. 2025 செப்டம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தச் சி படிவம், படிவம் 3 ஆகிவிட்டது. 24 மணி நேரக் கெடு அப்படியேதான் இருக்கிறது. விசாவைப் பள்ளி பார்த்துக்கொண்டது. ஆனாலும் வருகிறவருடைய விசாவில் பள்ளியில் பாடம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் நாங்கள் செய்தது தப்பு. அவளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட நான் வாங்கிக்கொள்வேன். மூன்று பேர் சுற்றி நின்று இன்னொரு தோசை, இன்னொரு தோசை என்று வைப்போம். அவள் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டு, ஐந்தாம் நாள் வயிற்று வலியில் படுத்துவிட்டாள். கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்துத் தேற்றினோம். எழுந்து உட்கார்ந்ததும் என் மாமியார் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி அவள் முன்னால் வைத்தார். "உரி பாப்பா" என்றார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே உரித்தாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் இறுக்கம் போனது. என் மகளைப் போலவே அவளும் மாமியாரை "அப்பத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பள்ளியிலும் இதே கதைதான். வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று இழுப்பார்கள், அவ்வளவுதான். பாடம் எடுக்கவே விடவில்லை என்று அவள் வருத்தப்பட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பிள்ளை காட்சிப் பொருளா? தலைமை ஆசிரியையிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பொங்கல் விடுமுறை முடிந்ததும் மூன்றாம் வகுப்பில் தினமும் இரண்டு பீரியட் அவளுக்கு. வகுப்பு டீச்சரும் கூடவே இருப்பார். பிள்ளைகளுக்கு அவளுடைய ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை, அதனால் டீச்சர் பக்கத்தில் இருந்தது பெரிய உதவி.

பொங்கல் விடுமுறையில் அப்பத்தாவும் அவளும் பல்லாங்குழியே கதி என்று கிடந்தார்கள். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. புளியங்கொட்டையைக் குழி குழியாகப் போட்டுக்கொண்டே போய், நாலு சேர்ந்ததும் அப்பத்தா "பசு!" என்று அள்ளுவார். இரண்டாவது நாள் அவளே முந்திக்கொண்டு "பசு!" என்று கத்தி அள்ளினாள்.

பள்ளி திறந்ததும் அந்தப் பலகையை வகுப்புக்குத் தூக்கிப்போனாள். 14 குழி, குழிக்கு 5 கொட்டை, மொத்தம் எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டாளாம். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து "செவன்ட்டி" என்றானாம். சாயந்திரம் அதை என் மகள் மூச்சுவிடாமல் சொன்னாள். எண்ணத் தெரியாமல் இல்லை, இங்கிலீஷ் என்றால்தான் அவனுக்குப் பயம் என்றாள்.

அவள் ஊருக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. அப்பத்தா இன்னமும் பேத்தியோடு விளையாடும்போது கொட்டைகளை "ஐன்ஸ், ட்ஸ்வாய், ட்ரை" என்றுதான் எண்ணிப் போடுகிறார்.